தைராய்டு கட்டியில் வெள்ளைப் புள்ளி: அமெரிக்க முறையும் ஐரோப்பிய முறையும்

கழுத்து ஸ்கேன் ரிப்போர்ட்டில் வரும் 'டை-ராட்ஸ்' எண், அதாவது தைராய்டு கட்டி புற்றுநோயாக இருக்கும் சந்தேகத்தின் அளவு, ஒரே முறைப்படி கணக்கிடப்படுவதில்லை. அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரியின் முறை, ஐரோப்பியத் தைராய்டு சங்கத்தின் முறை இரண்டும் 2017இல் வெளிவந்தவை. படம் தெளிவாக இருக்கும்வரை அவை பெரும்பாலும் ஒத்துப்போகும். படம் ஏமாற்றும்போதுதான் பிரிகின்றன.

தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்கு வந்து ஸ்கேன் எடுத்த ஓர் ஆச்சிக்கு, நீரும் சதையும் கலந்த 1.2 செ.மீ. கட்டி இருப்பதாகக் கொள்வோம். சதைப்பகுதி சுரப்பியின் நிறத்திலேயே இருக்கிறது. உள்ளே சில வெள்ளைப் புள்ளிகள். அவை நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களானால் பாப்பில்லரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோயை நினைக்க வேண்டும். கொலாய்டு எனப்படும், சுரப்பிக்குள் இயல்பாக இருக்கும் பாகு போன்ற பொருளின் துகள்களானால் கவலையில்லை. அவற்றின் பின்னால் வால்நட்சத்திரம் போன்ற வால் தெரியும். நுண்ணிய நீர்ப்பைகளின் பின்சுவரும் இதே வெளிச்சத்தைக் காட்டி ஏமாற்றும்.

சுண்ணாம்பு என்று முடிவு செய்துவிட்டால், ஐரோப்பிய முறையில் அந்த ஓர் அடையாளமே கட்டியைச் சந்தேகம் மிக அதிகமான 5ஆம் வகுப்பில் சேர்த்துவிடும், 1 செ.மீ.க்கு மேல் என்பதால் ஊசியால் செல்களை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை உண்டு. அமெரிக்க முறையோ ஒவ்வொரு அடையாளத்துக்கும் மதிப்பெண் தந்து கூட்டுகிறது: கலப்புக்கு 1, நிறத்துக்கு 1, துகளுக்கு 3, ஆக 5, அது 4ஆம் வகுப்பு. அங்கே ஊசி 1.5 செ.மீ. முதல்தான் என்பதால், ஆச்சி ஓராண்டில் மறு ஸ்கேனுக்கு வந்தால் போதும். பெரிய வால் தெரிந்தால் துகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது. மொத்தம் 2, ஊசியும் வேண்டாம், மறு ஸ்கேனும் வேண்டாம். ஒரு புள்ளியைத் தவறாகப் படித்ததற்காகக் கழுத்தில் ஊசி ஏறாமல் தடுப்பதில் அமெரிக்க முறையே மேல் என்பது என் கருத்து. ஆனால் மறு ஸ்கேனுக்குத் திரும்பி வருவாரா என்பதே ஐயமாக உள்ளவரிடம், உண்மையான புற்றுநோய் கவனிப்பாரின்றி நின்றுவிடலாம் என்பதால், ஐரோப்பிய முறையின் கண்டிப்புக்கும் நியாயம் உண்டு.

நீர் வடிந்து சுருங்கிய, தீங்கற்ற பழைய கட்டியிடம் இரு முறைகளும் தோற்கின்றன. அது கெட்டியாக, மிகக் கருமையாக, அகலத்தைவிட உயரம் கூடித் தெரியும். அமெரிக்கக் கணக்கில் 2, 3, 3 என 8 மதிப்பெண், இரண்டிலும் 5ஆம் வகுப்பு. முன்பு அதே இடத்தில் பெரிய நீர்க்கட்டி இருந்ததைக் காட்டும் பழைய படம் கையில் இருந்தால், மதுரைக்கோ திருச்சிக்கோ அலையும் முன்பே மருத்துவர் அதை ஊகித்துவிடுவார். படம் இல்லையெனில் ஊசிதான் வழி. அதிலும் செல்கள் போதாமல், முடிவு சொல்ல இயலாத அறிக்கை வரக்கூடும்.