ஒலிப்புத்தகங்களுக்கு டாக் போடக் கடையில் கொடுக்கிறவர்கள் கவனம் – என் 38,500 ரூபாவும் மாமியின் குரலும்

38,500 ரூபா. ஒலிப்புத்தகங்களுக்கு டாக் (tag – ஒலிக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கிற பெயர் விபரம்) போடக் கடையில் கொடுத்த ஹார்ட் டிஸ்க்கை நேற்றுப் பின்னேரம் கொண்டுவந்து லப்டொப்பில் கொழுவினேன். அதிலிருந்து இந்த நேரம் வரைக்கும் ஒரு கண் நித்திரை இல்லை. கோபத்தோடு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. கடையின் பெயரை இதில் போடவில்லை. யாழ் நகருக்குள் இருக்கிற ஒரு கணினி திருத்தும் கடை. கலியாண வீடியோ எடிட்டிங், பழைய கசெட்டைக் கணினியில் ஏற்றிக் கொடுப்பது என்று எல்லாவற்றுக்கும் பலகை வைத்திருக்கிறார்கள். கடைசியில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று வடிவாக எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு குளுக்கோமாவால் 2008இல் பார்வை போய்விட்டது. வாழ்நாள் முழுக்க வாசித்த மனிசன். அடுத்த வருசமே அப்பாவின் தமக்கை, எங்கட மாமி, சின்ன ரெக்கோடர் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதியத் தொடங்கினா. கொக்குவில் வீட்டுத் திண்ணையில் பன்னிரண்டு வருசம் வாசித்தா. 43 புத்தகம், ஏறத்தாழ 340 மணித்தியாலம். பின்னால் கிணற்றுக் கப்பிச் சத்தம் கேட்கும், தகரத்தில் மழை கேட்கும். இடையில் நிப்பாட்டி, "தம்பி, இந்த இடத்தை வடிவாக் கேள்" என்று அப்பாவுக்குச் சொல்லிவிட்டுத் தொடருவா. 2022இல் மாமி போய்விட்டா.

எல்லாம் எம்பி3 கோப்புகள். பெயர் எல்லாம் ரெக்கோடர் போட்ட இலக்கம்தான். பழைய லப்டொப் ஒன்றில், ஒலிப்புத்தகங்களை அடுக்கி வைத்துப் போனில் கேட்க விடுகிற சேர்வர் சொவ்ட்வெயாரான ஓடியோபுக்‌ஷெல்ஃப் போட்டு வீட்டுக்குள் ஒரு நூலகம் மாதிரிச் செய்தேன். ஆனால் டாக் இல்லாவிட்டால் அதற்கு ஒன்றும் விளங்காது. அல்பம் என்ற இடத்தில் புத்தகத்தின் பெயர், ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் எழுதினவர், கொம்போசர் என்ற இடத்தில் வாசித்தவர், ட்ராக் இலக்கத்தில் அத்தியாயம். இவ்வளவும் இருந்தால்தான் புத்தகம் புத்தகமாக நிற்கும். கண் தெரிகிறவனுக்கு அட்டைப்படம் இருக்கிறது. அப்பாவுக்கு அது இல்லை. விரல் படுகிற இடத்தில் இருக்கிற டாக்கை போன் வாசித்துச் சொல்வது மட்டும்தான் அவருக்கு அட்டை. ஆயிரத்துக்கு மேற்பட்ட கோப்பு. எனக்கு வேலை, இரவு ஷிப்ட். அதனால்தான் கடையில் கொடுத்தேன்.

அந்தக் கடைக்காரரை ஏன் நம்பினேன் என்று திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். போன உடனே கதிரை போட்டார், தேத்தண்ணி எடுப்பித்தார். அப்பாவின் பெயரைச் சொன்னதும் எழும்பி நின்றார். "ஐயோ, சேர் எனக்குக் கணிதம் படிப்பிச்சவர். சேரின்ர வேலைக்குக் காசு வாங்கிறதே பாவம்" என்றார். ஒரு பெடியன் என் கண் முன்னால் ஒரு புத்தகத்தைச் செய்தும் காட்டினான். தமிழில் பெயர், மாமியின் பெயர், அத்தியாயம் ஒன்று இரண்டு என்று ஒழுங்காக வந்தது. மாமியின் குரல் கேட்டபோது கடைக்குள் எல்லாரும் பேசாமல் நின்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இடத்தில்தான் அவர் "20,000 இப்ப தாங்கோ, மிச்சம் 18,500 வேலை முடிய" என்றார். பில் கேட்க மனம் வரவில்லை. அப்பாவின் மாணவனிடம் எப்படிப் பில் கேட்பது? ஒரேயொரு ஹார்ட் டிஸ்க்கையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு கிழமை என்றவர் ஏழு கிழமை எடுத்தார். நேற்று மிச்சக் காசையும் கொடுத்து எடுத்துவந்தேன். மொத்தம் 38,500 ரூபா.

அப்பா ஆசையோடு போனைக் கையில் எடுத்தார். போன் ஏதோ ஆங்கில எழுத்துகளாக வாசித்தது. "என்ன தம்பி, இங்கிலிசில கதைக்குது?" என்றார். போய்ப் பார்த்தால், 42 புத்தகத்தின் பெயரையும் பாமினியில் அடித்து டாக்கில் ஒட்டியிருக்கிறார்கள். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருக்கிற எழுத்துரு. அது போட்ட கணினியில் தமிழாகத் தெரியும். வெளியில் வந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. கடையில் எனக்குக் காட்டிய அந்த ஒரு புத்தகம் மட்டும், எந்தக் கருவியிலும் தமிழாகவே நிற்கிற யுனிகோட்டில் இருக்கிறது.

அதுகூடப் பரவாயில்லை, பாமினியை யுனிகோட்டாக மாற்றலாம். ஆனால் ஒவ்வொரு புத்தகத்தின் எல்லா அத்தியாயத்தையும் ஒரே எம்4பி (ஒலிப்புத்தகக் கோப்பு வகை) கோப்பாக ஒட்டியிருக்கிறார்கள். நான் அப்படிக் கேட்கவே இல்லை. இலக்கத்துக்கு முன்னால் சைபர் போடாமல் ஒட்டியதால் 1, 10, 11, 12 என்று போய்ப் பிறகுதான் 2 வருகிறது. அப்பா முதல் அத்தியாயம் முடிந்து பத்தாவதைக் கேட்டுக்கொண்டு, "இடையில ஒரு துண்டு காணேல்லைப் போல" என்று பேசாமல் இருந்தார்.

வாசித்தவர் என்ற இடத்தைத் திறந்தேன். மாமியின் பெயர் இல்லை. 42 புத்தகத்திலும் அந்தக் கடையின் பெயரும் போன் நம்பரும். பன்னிரண்டு வருசம் தொண்டை வரள வாசித்தவவின் பெயரை அழித்துவிட்டு அவர்களின் விளம்பரம். இதை எழுதும்போதும் நெஞ்சு எரியுது.

கடைசி அடி ஒலி. எங்கட பழைய கோப்பு 128 கேபிபிஎஸ், அதாவது ஒரு செக்கன் ஒலிக்கு 128 கிலோபிட். இவர்கள் 32க்குச் சுருக்கியிருக்கிறார்கள். மாமி தண்ணீருக்குள் இருந்து கதைக்கிற மாதிரி இருக்கிறது. கப்பிச் சத்தம் இல்லை. டாக் மாற்றுவதற்கு ஒலியைத் தொடவே தேவையில்லை, அது கோப்பில் தனியாக இருக்கிற பகுதி. பழைய கோப்புகளைத் தேடினேன். அழித்துவிட்டார்கள்.

உடனே கடைக்காரருக்குக் கோல் எடுத்தேன். "இடம் பத்தேல்லை அண்ணை, அதான் பழசை எடுத்தனாங்கள்" என்றார். டிஸ்க் 500 ஜிபி. 340 மணித்தியாலமும் 20 ஜிபிகூட வராது. அதைச் சொன்னதும் "தமிழ் டாக்கில ஏறாது அண்ணை, எல்லா இடமும் அப்பிடித்தான்" என்றார். பொய். எம்பி3 கோப்பில் டாக் போடுகிற முறைக்குப் பெயர் ஐடி3. 1996இல் வந்த முதல் ஐடி3 டாக்தான் 128 பைட்டுக்குள், தலைப்புக்கு 30 எழுத்து இடத்தோடு, தமிழ் ஏறாமல் இருந்தது. 1998இல் வந்த இரண்டாவது முறையிலேயே யுனிகோட் ஏறும். அவர்கள் செய்து காட்டிய அந்த ஒரு புத்தகத்தில் ஏறின தமிழ் மற்றதில் ஏன் ஏறவில்லை? அதற்குப் பதில் இல்லை. "உங்கட சேர்வரில பிழை" என்றார். பிறகு "செய்த பெடியன் லீவில, ஊருக்குப் போட்டான்". இன்று காலையில் நேரே போனேன். முதலாளி கொழும்புக்குப் போய்விட்டாராம். கதிரையும் இல்லை, தேத்தண்ணியும் இல்லை. வட்ஸ்அப்பில் ஆறு மெசேஜ் போட்டேன், நீலக் கோடு விழுந்திருக்கிறது, பதில் இல்லை. கடைசியாக ஒரு குரல் பதிவு வந்தது: "சேருக்கு வயசு போட்டுது தானே அண்ணை, அவருக்கு இவ்வளவு வித்தியாசம் தெரியாது." படிப்பிச்ச வாத்தியாரைப் பற்றிச் சொன்ன வார்த்தை இது. 38,500 ரூபா வாங்கிக்கொண்டு சொன்ன வார்த்தை.

வடிவாக எழுதுகிறேன் என்றேன், இப்போது ஏலாமல் கிடக்கிறது. நினைவில் நிற்கிறதை மட்டும் போடுகிறேன். ஒரு பிரதி எடுத்து வீட்டில் வைக்காமல் டிஸ்க்கைக் கையால் கொடுக்காதீர்கள், கொடுக்கிறது பிரதியாக இருக்கட்டும். முழு வேலைக்கும் முன்னால் இரண்டு புத்தகத்தைச் செய்து வாங்கி வீட்டுப் போனில் போட்டுப் பாருங்கோ, கடைக் கணினியில் பார்த்து நம்பாதீர்கள். இலக்கம் 01, 02 என்று இருக்க வேண்டும். எம்பி3டாக் என்று இலவச சொவ்ட்வெயார் இருக்கிறது, கோப்பின் பெயரிலிருந்தே டாக்கை நிரப்பும், நேரம் எடுத்தாலும் நீங்களே செய்யுங்கோ. அழிந்துவிட்டது என்று தெரிந்தால் அந்த டிஸ்க்கில் ஒன்றும் எழுதாதீர்கள். நான் கழற்றி வைத்துவிட்டேன், மீட்க முடியுமா என்று வேறு ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். பில் வாங்குங்கோ, யாராக இருந்தாலும் வாங்குங்கோ. நுகர்வோர் அதிகார சபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும், அவர்களின் இலக்கம் 1977. திங்கட்கிழமை நான் கொடுக்கப் போகிறேன். பில் இல்லை, வட்ஸ்அப் மெசேஜும் அந்தக் குரல் பதிவும்தான் கையில் இருக்கிறது.

டொரொன்டோவில் இருக்கிற அக்காவிடம் முன்பு அனுப்பிய ஏழு புத்தகம் பழையபடி இருக்கிறது. மிச்சம் 36. மாமி உயிரோடு இருந்தபோது கொக்குவில், கோண்டாவில் பக்கம் கண் தெரியாத இரண்டு மூன்று பேருக்குப் பென்ட்ரைவில் போட்டுக் கொடுத்தவ. அவர்களின் வீட்டுக்காரர் யாராவது இதை வாசித்தால் தயவுசெய்து அந்தப் பென்ட்ரைவைத் தேடிப் பாருங்கோ. பெயர் மாற்றாதீர்கள், வேறு எதையும் அதில் போடாதீர்கள், எனக்கு மெசேஜ் போடுங்கோ, நானே வந்து பிரதி எடுக்கிறேன். டாக் இல்லாவிட்டாலும் காரியமில்லை. அதை நான் இருந்து போடுவேன்.