மலையில் ஒரு 4090: காற்றா, தண்ணீரா?

மலையில் குடியிருப்பவர் கிராபிக்ஸ் கார்டுக்கு வாட்டர் கூலிங் போடலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். நான் கோத்தகிரியில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு ஒன்றை அது வந்த மூன்று ஃபேன்களோடேயே, வோல்டேஜை மட்டும் குறைத்து ஓட்டுகிறேன். கொடைக்கானலில் இருக்கும் நண்பர் ஒருவர் அதே சிப் உள்ள கார்டைக் கழற்றி, சிப் மேல் தண்ணீர் ஓடும் வாட்டர் பிளாக் மாட்டி, அந்தத் தண்ணீரைக் குளிர்விக்கும் 360 மில்லிமீட்டர் ரேடியேட்டரோடு, பம்ப்பும் டியூபும் சேர்த்து அமைக்கும் கஸ்டம் லூப் போட்டிருக்கிறார். ஆக, இது பாரபட்சமில்லாத தீர்ப்பு கிடையாது. பணம் போட்டு ஒரு பக்கம் உட்கார்ந்தவன் எழுதுவது.

தெரிந்த கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 4090 முழு வேகத்தில் 450 வாட் இழுக்கும். அவ்வளவும் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். தண்ணீர் அந்தச் சூட்டைக் காற்றைவிட நன்றாக வாங்கிக்கொள்ளும். கார்டு குளிராக இருக்கும், ஃபேன் சத்தம் குறையும், பார்க்க அழகாகவும் இருக்கும். செலவு அதிகம். கார்டைத் திறந்தால் வாரண்டி தகராறு வரலாம். இதில் யாருக்கும் சந்தேகமில்லை.

மலையில் கணக்கு எங்கே மாறுகிறது என்பதுதான் விஷயம். ஹீட்சிங்க், அதாவது சிப்பின் சூட்டைக் காற்றுக்கு விடும் உலோகத் தகடுகள், அறையின் வெப்பநிலைக்கு மேல் இத்தனை டிகிரி என்றுதான் வேலை செய்யும். கோயம்புத்தூரில் மே மாதம் அறையே 34 டிகிரி இருக்கும்போது, என் கார்டு அதற்கு மேல் 40 ஏறினால் 74. இங்கே மாலையில் அறை 17 டிகிரி என்றால் அதே 40 ஏறி 57. என் கார்டு இரண்டு மணி நேரம் கேம் ஓடிய பிறகு ஏறத்தாழ அங்கேதான் நிற்கிறது. மற்றவர்கள் காசு கொடுத்து வாங்கும் குளிரை இந்த ஊர் சும்மா தருகிறது.

ஆனால் முழுசாகச் சும்மா இல்லை. உயரம் போகப் போகக் காற்று லேசாகிவிடும். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர். இங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட 16 சதவீதம் போலக் குறைவு. ஊட்டியில் 2,240 மீட்டரில் ஏறத்தாழ 20 சதவீதம். ஃபேன் ஒரு சுற்றுக்குத் தள்ளும் காற்றின் அளவு அதேதான்; அதில் இருக்கும் எடை குறைவு, அது சுமந்து போகும் சூடும் குறைவு. டேட்டா சென்டர்களுக்கு ஆஷ்ரே என்ற குளிரூட்டல் பொறியாளர்கள் அமைப்பு வைத்திருக்கும் வழிகாட்டியில்கூட, 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் அனுமதிக்கும் அறை வெப்பநிலையில் ஒரு டிகிரியைக் கழிக்கச் சொல்கிறார்கள். அந்தக் கணக்குப்படி ஊட்டியில் நாலு டிகிரி போகிறது. குளிரால் வந்த பதினைந்து இருபது டிகிரியில் நாலைந்து போனாலும் லாபம்தான்.

இந்த இடத்தில் தண்ணீர்க் கட்சிக்காரர்கள், 'எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை' என்பார்கள். உண்டு. தண்ணீர் சூட்டைச் சிப்பிலிருந்து ரேடியேட்டர் வரை கொண்டுபோகிறது, அவ்வளவுதான். ரேடியேட்டரும் அதே லேசான காற்றிடம்தான் சூட்டை இறக்கிவைக்க வேண்டும்.

சரி, தண்ணீரால் என்னதான் கூடுதலாகக் கிடைக்கிறது? நண்பருடைய கார்டு என்னுடையதைவிடப் பதினாலு பதினைந்து டிகிரி குளிராக ஓடுகிறது, அதுவும் முழு 450 வாட்டில். பிரமாதம். ஆனால் என்விடியா கார்டு சூடு ஏற ஏறத் தன் வேகத்தை 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாகத்தான் குறைக்கும். பதினைந்து டிகிரி வித்தியாசத்துக்கு இரண்டு மூன்று படிகள். 2,700 மெகாஹெர்ட்ஸில் 45 போனால் ஒன்றரை சதவீதம். 100 ஃப்ரேம் வரும் இடத்தில் 98 சொச்சம். கண்ணுக்குத் தெரியாது. சில கார்டுகளில் பவர் லிமிட்டை 600 வாட் வரை ஏற்றலாம். மூன்றில் ஒரு பங்கு கரண்டைக் கூடுதலாகக் கொடுத்து வாங்குவது சில சதவீத வேகம்தான். பெஞ்ச்மார்க் பட்டியலில் பெயர் வர வேண்டும் என்பவருக்கு அது போதுமான காரணம். எனக்கு இல்லை.

நான் போனது எதிர்த் திசையில். சிப் எரிக்கும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். 4090 வழக்கமாக 1.05 வோல்ட்டில் நிற்கும். அதை 0.95-க்கு இறக்கினால், அதே வேகத்துக்கு ஏறத்தாழ 18 சதவீதம் குறைவாக எரியும். வேகத்தையும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் இன்னும் இறங்கும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைத் திறந்து கன்ட்ரோல் எஃப் அழுத்தினால் வோல்டேஜ்-வேகக் கோடு வரும், அதில் 0.95 புள்ளியை 2,600 மெகாஹெர்ட்ஸ் பக்கம் தூக்கி, அதற்கு வலப்பக்கம் இருப்பதையெல்லாம் தட்டையாக்கினால் முடிந்தது. என் கார்டு பெரும்பாலும் 330 வாட்டைத் தாண்டுவதில்லை. ஓவர்கிளாக் செய்பவர், அதாவது வேகத்தை அளவுக்கு மேல் ஏற்றுபவர், தண்ணீர் ஊற்றி அணைக்கும் சூட்டை நான் உண்டாக்குவதே இல்லை.

இதுவரை சொன்னதை வைத்து மட்டும் ஒருவர் தண்ணீரைத் தேர்ந்தெடுத்தால் நான் தடுக்கமாட்டேன். ஆசைக்கு விலை உண்டு, கொடுத்துவிட்டுப் போகலாம். என்னைத் தடுத்தது பராமரிப்பு.

கஸ்டம் லூப் என்பது மாட்டிவிட்டு மறக்கும் பொருளல்ல. வருடத்துக்கு ஒரு தடவையாவது கூலன்ட்டை, அதாவது உள்ளே சுற்றும் திரவத்தை, வடித்து மாற்ற வேண்டும். பிளாக் செம்பு, அதன் மேல் நிக்கல் பூச்சு. அதோடு யாராவது விலை மலிவு என்று அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்துவிட்டால் செம்போடு சேர்ந்து தண்ணீருக்குள் இருக்கும் அலுமினியம் அரித்துப்போகும். வளையும் டியூபுகளில் சில, நாளாக ஆக மெழுகு மாதிரி ஒன்றைக் கூலன்ட்டில் கசியவிடும். நண்பர் போன முறை பிளாக்கைக் கழற்றியபோது பக்கத்தில் இருந்தேன். மேல் மூடி அக்ரிலிக், உள்ளே முடி கனத்துக்கு வெட்டிய செம்பு வரிகள். தண்ணீர் நுழையும் நடுக்கோட்டில் மட்டும் வெளிர்பச்சையாக ஒரு பசை, தோசை மாவு காய்ந்த மாதிரி ஒட்டியிருந்தது. மற்ற வரிகள் பளபளவென்று இருந்தன. ஆலன் கீயால் திருகுகளைக் கழற்றி, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, திரும்ப மூடும்போது பார்த்தால், கசியாமல் தடுக்கச் சுற்றிப் போகும் கருப்பு ரப்பர் வளையமான ஓ-ரிங் ஒரு இடத்தில் தட்டையாகியிருந்தது.

கதை அங்கேதான் தொடங்குகிறது. அந்த ஓ-ரிங்கின் விலை ஒரு டீயும் பன்னும். ஆனால் கொடைக்கானலில் கிடைக்காது; வத்தலக்குண்டிலும் திண்டுக்கல்லிலும் கிடைக்காது. மதுரையில் விசாரித்தார், பிறகு கோயம்புத்தூர் காந்திபுரத்தில் ஒரு கடைக்குப் போன் போட்டார். "அண்ணா, அது தனியா வராது, பிளாக்கோட சேர்ந்துதான் வரும். வேணும்னா ஆர்டர் போட்டுப் பாக்கறேன்" என்றான் கடைப் பையன். கடைசியில் ஆன்லைனில் சொல்லி, மழையில் காட் ரோட்டில் மண் சரிந்து, கூரியர் தாமதமாகி, அதுவரை கம்ப்யூட்டர் திறந்தபடி மேஜையில் கிடந்தது. கார்டின் பழைய கூலரைத் திரும்ப மாட்டலாமே என்றால், அதற்குச் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட் புதிதாக வேண்டும், சரியான கனத்தில். அதுவும் மலையில் இல்லை.

சமவெளியில் இது ஒரு மாலை வேலை. மேலே இருப்பவனுக்கு ஒவ்வொரு திருகும் கீழே இறங்கி ஏற வேண்டிய பயணம். டிஸ்டில்ட் வாட்டர்கூட இன்வர்ட்டர் பேட்டரிக் கடையில் கேன் கேனாகக் கிடைக்கிறது, ஆனால் அது பேட்டரிக்குப் போதுமான சுத்தம். நிக்கல் பூச்சுக்கு அதை நம்பி ஊற்ற நான் யாருக்கும் சொல்லமாட்டேன். லூப்பை என் வீட்டில் வைத்து வருடக்கணக்கில் ஓட்டியவன் நான் அல்ல. நண்பரைப் பார்த்துச் சொல்கிறேன். கையில் ஸ்பேர் பம்ப், ஸ்பேர் ஓ-ரிங் செட், ஒரு லிட்டர் கூலன்ட் எப்போதும் வைத்திருக்கும் ஒழுங்குக்காரர்களுக்கு அனுபவம் வேறாக இருக்கலாம்.

என் பக்கம் என்ன பராமரிப்பு? எப்போதாவது ஃபில்டரைத் துடைப்பது, பிரஷ்ஷால் ஹீட்சிங்க் தூசியைத் தட்டுவது. ஃபேன் போனால் அதன் மாடல் எண்ணைப் பார்த்து மாற்று ஃபேன் வரவழைக்கலாம். வரும்வரை மிச்சம் இரண்டு ஃபேனும், வோல்டேஜைக் குறைத்த அந்த அண்டர்வோல்ட்டும் இந்தக் குளிரில் தாராளமாகத் தாங்கும். சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே பூசிய பேஸ்ட் காய்ந்தால் ஒரு தடவை திறக்க வேண்டிவரும். அப்போது பேஸ்ட்டுக்குப் பதில் ஹனிவெல்லின் பிடிஎம்7950 ஷீட்டைப் போடுவதாக உத்தேசம். 45 டிகிரியில் இளகி, வெட்டி வைத்த இடத்தில் தானே பரவிக்கொள்ளும். பேஸ்ட் போல நாளடைவில் ஓரத்துக்குப் பிதுங்கிப் போகாது.

மலைக்கே உரிய இன்னொரு ஆசை, ரேடியேட்டரை ஜன்னலுக்கு வெளியே வைப்பது. ஜனவரியில் வெளியே 6 டிகிரி, சும்மா கிடக்கிறதே என்று தோன்றும். நண்பருக்கும் தோன்றியது. நல்லவேளை, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு விட்டார். அறை 18 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் பனித்துளி படியும் புள்ளி 10 டிகிரி. கேம் ஓடாத நேரத்தில் கூலன்ட் வெளிக்குளிருக்குப் பக்கத்தில், 7-8 டிகிரிக்கு வந்துவிடும். கேபினெட்டுக்குள் டியூபும் பிளாக்கும் வியர்க்கும், சொட்டும் இடம் நேரே கார்டின் பின்பக்கம். லூப் முழுக்க அறைக்குள் இருந்தால் இந்தப் பயமில்லை. அறைக்காற்றால் குளிரும் எதுவும் அறையைவிடக் குளிராகாது. ஊட்டி தலைகுந்தா பக்கம் உறைபனி இறங்கும் இரவுகளில், உறையாமல் தடுக்கும் கிளைகால் (glycol) திரவம் கலக்காத வெறும் தண்ணீர் வெளியே இருந்தால் உறைந்து ரேடியேட்டரே வெடிக்கும். அது தனி வம்பு.

ஈரம் ஃபேன் கார்டுக்கும் எதிரிதான், அதை மறைக்கவில்லை. மழைக்காலத்தில் செருப்பே பூசணம் பூக்கும் ஊர். இரவெல்லாம் குளிர்ந்த உலோகத்தின் மேல் காலையில் சமையலறை ஆவி வந்தால் ஹீட்சிங்க்கிலும் ஈரம் படியும். அறை 18 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதம் இருந்தால், 16 டிகிரி உலோகத்திலேயே படிந்துவிடும். மழைநாள் காலையில் உடனே ஸ்விட்சைப் போடாமல், அறையும் பெட்டியும் ஒரே சூட்டுக்கு வரும்வரை விட்டுவிடுவேன்.

நடுவழி ஒன்று உண்டு: கம்பெனியே 240 அல்லது 360 ரேடியேட்டர் ஒட்டி அனுப்பும் ஹைப்ரிட் கார்டு. கூலன்ட் மாற்றும் வேலை இல்லை. மாற்றவும் முடியாது. அஞ்சாறு வருடத்தில் டியூப் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, பம்ப் சத்தம் போட ஆரம்பித்தால் முழுக் கார்டையும் பார்சல் கட்ட வேண்டியதுதான். ஒரு கடையில் சற்று நேரம் ஓட்டிப் பார்த்ததோடு சரி, அதற்கு மேல் எனக்கு இதில் அனுபவமில்லை. ராத்திரி ஒன்பதுக்கு மேல் சுவர்க்கோழி தவிரச் சத்தமில்லாத ஊரில் அந்த பம்ப்பின் ரீங்காரம் காதில் விழும் என்று மட்டும் தோன்றியது.

கரண்ட் விஷயத்திலும் அண்டர்வோல்ட் எனக்குக் கைகொடுத்தது. மழையில் சில்வர் ஓக் மரம் லைனில் விழுந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். சாதாரண 1,000 விஏ யூபிஎஸ் 600 வாட்டைத்தான் தாங்கும். 450 வாட் கார்டும் பிராசஸரும் சேர்ந்தால் அது கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும். 330-இல் சேவ் செய்து மூட நேரம் கிடைக்கிறது. கார்டுக்குக் கரண்ட் கொண்டுவரும், உருகுகிறது என்று பேர் வாங்கிய அந்த 16 பின் கனெக்டரிலும் சுமை குறைகிறது: பின்னுக்கு 6.25 ஆம்பியர் போன இடத்தில் 4.6. முழுசாக உள்ளே அமுக்கி மாட்டினீர்களா என்பதுதான் அங்கே முதல் கேள்வி, அது வேறு.

காற்றுக் கட்சியின் உண்மையான குறை எடை. இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும் கார்டைப் பெட்டிக்குள் வைத்தபடி குன்னூர்ச் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கினால், ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் போர்டு விரிசல் விடலாம். இறங்கும்போது கழற்றித் தனியே அட்டைப்பெட்டியில், மடியில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். லூப்பைக் கொண்டுபோவதற்கு இது எவ்வளவோ தேவலை. அதற்கு முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ இருந்து, நாள் முழுக்க ரெண்டர் ஓட்டி, அறையில் ஏசி இல்லாதவர் என்றால் நான் சொன்னதில் பாதி பொருந்தாது. அவருக்குத் தண்ணீர் நியாயமான செலவு. 575 வாட் இழுக்கும் 5090 வாங்கி, வோல்டேஜில் கைவைக்க மாட்டேன் என்பவருக்கும் அப்படியே. மலையில் இருப்பவர் 0.95 வோல்ட்டில் தொடங்குங்கள். கேம் நின்றுபோனால் ஒரு படி ஏற்றுங்கள், இல்லையென்றால் இறக்கிப் பாருங்கள். ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு மாதிரி. ஃபேன் தானாக நிற்கும் வசதியை அணைக்க வேண்டாம். சும்மா இருக்கும்போது கார்டு அறையைவிடக் கொஞ்சம் சூடாக இருப்பதுதான் மழைக்காலத்தில் நல்லது.