முந்நூறு அட்டையும் ஒரு ‘வன்ஸ்’ஸும்

போன கிழமை சின்னம்மாவின் மகள் ஒரு படம் அனுப்பினாள். யாழ்ப்பாண நகரத்தில் நான் வாங்கிய அதே புத்தகக் கடை, அதே ஆங்கில மரபுத்தொடர் அட்டைப்பெட்டி, மூலையில் புதிதாக ஒரு சிவப்பு ஸ்டிக்கர்: 1,950 ரூபாய். “அண்ணா, நீங்கள் வைத்திருக்கிறது இதுதானே? வாங்கலாமா?” என்று கீழே கேட்டிருந்தாள்.

இரண்டரை வருடத்துக்கு முன் நான் கொடுத்தது 3,400. அதனால் உடனே பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் அது அட்டையைப் பற்றிய பதிலாக இருந்திருக்காது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது தெரிந்ததுதான். 300 அட்டை, முன்பக்கம் தொடர், பின்பக்கம் பொருளும் ஓர் உதாரண வசனமும். தாள் நல்ல தடிப்பு, இரண்டு கார்த்திகை மழைக்கும் ஊதவில்லை. பெட்டி மட்டும் மூன்றாம் மாதமே வாய் கிழிந்துவிட்டது. பழைய பிஸ்கற் ரின் ஒன்றுக்குள் குடிவைத்தேன். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் சண்டை ஒரே ஒரு சொல்லோடு. வன்ஸ் (one's).

‘மேக் அப் வன்ஸ் மைண்ட்’ (முடிவெடுத்தல்), ‘லூஸ் வன்ஸ் டெம்பர்’, ‘ஹோல்ட் வன்ஸ் டங்’ என்று அட்டைக்கு அட்டை அச்சடித்திருக்கிறார்கள். நானும் அப்படியே பாடமாக்கினேன். ரியூசனில் வைத்த முதல் மாதிரிப் பரீட்சையில் ‘ஷி மேட் அப் வன்ஸ் மைண்ட்’ என்று முத்து முத்தான எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். சேர் அதை வகுப்பு முழுவதும் கேட்க வாசித்தார். பின்வரிசையில் இருந்த ஏ.எல். பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் நிற்கிறது.

அந்த வன்ஸ் ஒரு வெற்றிடம். ஆள் யாரோ அவருக்கு ஏற்றபடி மை, ஹிஸ், ஹேர், தெயர் என்று நிரப்ப வேண்டும். தெரிந்தவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. தமிழில் யோசிக்கிறவனுக்கு ஏன் விஷயம் என்பதை அம்மாதான் தற்செயலாகக் காட்டிக் கொடுத்தா. ‘போக் வன்ஸ் நோஸ் இன்டு’ என்ற அட்டையைப் படித்துப் பொருள் சொன்னேன். “இது எங்கட மூக்கை நுழைக்கிறதுதானே” என்றா. ஓம், ஆனால் இங்கிலீசில் ஆருடைய மூக்கு என்று சொல்ல வேண்டும் அம்மா என்றேன். கத்தரிக்காய் வெட்டுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தா. “வேற ஆற்றை மூக்கைக் கொண்டுபோய் நுழைக்கிறது?”

அதுதான் சங்கதி. மூக்கை நுழைத்தான், வாயைத் திறக்கவில்லை, கையை விரித்துவிட்டான் என்று தமிழில் சொல்லும்போது ஆருடைய மூக்கு, ஆருடைய வாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆங்கிலம் ஒவ்வொரு முறையும் உரிமையாளரின் பெயரைப் பதியச் சொல்கிறது, காணி உறுதி எழுதுகிற மாதிரி.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. சில அட்டைகளில் வன்ஸ், சிலவற்றில் சம்வன்ஸ் (someone's). அச்சுப் பிழை என்றே எட்டு மாதம் நினைத்திருந்தேன். எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருக்கிற, ஓய்வு பெற்ற ஆங்கில ரீச்சர்தான் சொன்னா: வன்ஸ் என்றால் செய்கிறவருடையது, சம்வன்ஸ் என்றால் அடுத்தவருடையது. கோபத்தை இழப்பவர் தன் கோபத்தைத்தான் இழக்கிறார், ஆகவே வன்ஸ். ‘புல் சம்வன்ஸ் லெக்’ என்று காலை வாரிப் பகிடி பண்ணுவதோ அடுத்தவர் காலை, ஆகவே சம்வன்ஸ். அகராதிகளின் பழைய வழக்கமாம். இரண்டே வரி. பெட்டியோடு வந்த துண்டுத்தாளில், அட்டையை ஈரத்தில் வைக்காதீர்கள் என்று எழுத இடம் இருந்திருக்கிறது, இதற்கு இல்லை.

இரண்டு போயா விடுமுறையைச் செலவழித்து, சிவப்புப் பேனையால் 47 அட்டைகளில் வன்ஸை வெட்டி, மூன்று மூன்று வசனம் நானே எழுதினேன்.

நியாயமாகவும் பேச வேண்டும். இந்த அட்டைகளில் ஒரு இன்பம் இருக்கிறது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. ‘கிக் த பக்கெட்’ அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில், இதைச் செயப்பாட்டு வினையாக மாற்றாதீர்கள் என்று ஒரு குறிப்பு. ‘த பக்கெட் வாஸ் கிக்ட்’ என்றால் ஆள் சாகவில்லை, வாளிதான் உதைபட்டது. தமிழில் போட்டுப் பார்த்தேன். மண்டையைப் போட்டான் என்றால் செத்தான். மண்டை போடப்பட்டது என்றால் என்ன? கம்பி நீட்டப்பட்டது? இரவு பதினொரு மணிக்குத் தனியாக இருந்து சிரித்தேன். ஆனால் ‘ஸ்பில் த பீன்ஸ்’ மாற்றத்தைத் தாங்கும், ‘த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்’ என்றாலும் குட்டு வெளிப்பட்டுத்தான் இருக்கும். எது வளையும் எது முறியும் என்று தேடுவதே பிறகு பழக்கமாகிவிட்டது. அட்டை எழுதிய, இவ்வளவு நுணுக்கம் தெரிந்த மனுசனுக்கு வன்ஸைப் பற்றி ஒரு வரி எழுதக் கை வரவில்லையே என்பதுதான் ஆத்திரத்தைக் கூட்டுகிறது.

சரி, பரீட்சை. நான் எழுதியது டோஃபல் ஐடிபி (TOEFL ITP) என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை. அதன் இலக்கணப் பகுதி 40 கேள்வி, 25 நிமிடம். முதல் 15 இடைவெளி நிரப்புதல், மற்ற 25 அடிக்கோடிட்ட நான்கில் பிழையானதைப் பிடித்தல். எனக்கு வந்த தாளில் வாளியும் இல்லை, பீன்ஸும் இல்லை. வசனம் எல்லாம் பாடப்புத்தக நடை. ஆனால் ‘த பேர்ட் பில்ட்ஸ் தெயர் நெஸ்ட்’ என்கிற மாதிரி ஆளும் உரிமையும் பொருந்தாத வசனங்கள் வந்தால் எனக்கு வாசித்து முடிக்க முன்பே உறுத்தியது. 47 அட்டை திருத்திய கை அது. இந்தப் பெருமையை அட்டைக்குக் கொடுக்கச் சொல்லாதீர்கள், பேனைக்குக் கொடுக்கிறேன்.

ஆகவே தங்கச்சிக்கு எழுதினேன்: வாங்காதே, காசு வீண், என்னுடையதை வந்து எடுத்துக்கொண்டு போ.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அம்மா ரின்னைக் கொடுக்கவில்லை. அவ 212ஆவது அட்டையில் நிற்கிறாவாம், ஒவ்வொன்றுக்கும் தமிழ் கண்டுபிடித்துப் பழைய கொப்பி ஒன்றில் எழுதி வருகிறாவாம். எனக்கே தெரியாது. “சிவப்புக் கோடு போட்டதை எல்லாம் எழுதி முடிச்சிட்டன் பிள்ளை, அதைக் கொண்டு போ” என்று 47ஐ மட்டும் எண்ணி, ரப்பர் பாண்ட் போட்டுக் கையில் வைத்தா.