பாசிக்காரப் பெண்களின் கணக்கும் இலவசக் கருவிகளும்: ஏழு வருட அனுபவம்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடைப்பட்ட கரையில் எங்கள் அமைப்பு இருக்கிறது. சம்பளத்துக்கு மூன்று பேர், தன்னார்வலர்கள் ஆறு பேர். கடற்பாசி எடுக்கும் பெண்களின் சேமிப்புக் குழுக்களைப் பார்த்துக்கொள்வதும், பிள்ளைகளுக்குச் சாயங்கால வகுப்பு எடுப்பதும் எங்கள் வேலை. 2018-ல் ஒரு பழைய மடிக்கணினியோடு தொடங்கினோம். மென்பொருளுக்கென்று இன்றுவரை தனியாகப் பணம் ஒதுக்கியதில்லை. கூகுள் டிரைவ், ஷீட்ஸ், மீட், வாட்ஸ்அப், கணக்கெடுப்புக்கான கோபோ டூல்பாக்ஸ் இவற்றை வைத்தே ஏழு வருடம் ஓட்டியிருக்கிறோம். எங்களைப் போன்ற சின்ன அமைப்பு நடத்துகிறவர்கள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன்.

முதலில் எங்களைப் பாடாய்ப் படுத்தியது எழுத்துரு. அதுவரை உறுப்பினர் பட்டியலெல்லாம் டிடிபி கடையில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வாங்கியவை. கோப்பை டிரைவில் ஏற்றித் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து நின்றது. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அது அப்படித்தான் தெரியும். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசப் பக்கங்கள் இருக்கின்றன. முக்கால்வாசி வேலை அதிலேயே முடிந்தது. மீதியை சாயங்கால வகுப்புக்கு வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தொலைபேசியில் ஜிபோர்டு விசைப்பலகையில் பேசியே அடித்தார்கள். ஒரே ஊரில் பதினோரு காளியம்மாள் இருந்தார்கள். கணவர் பெயரும் தெருவும் சேர்த்த பிறகுதான் யார் பணம் யாருடையது என்று பிரிக்க முடிந்தது. பழைய கோப்பு வைத்திருப்பவர்கள் மற்ற எதையும் தொடுவதற்கு முன்னால் இந்த மாற்றத்தை முடித்துவிடுங்கள்.

ஷீட்ஸ் பற்றிச் சொன்னால் ஒரு நாள் மாலையைத்தான் சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்ந்த தம்பி, பெயர்களை அகர வரிசைப்படுத்துகிறேன் என்று பெயர் இருந்த ஒரு பத்தியை மட்டும் வரிசைப்படுத்திவிட்டான். பெயர்கள் நகர்ந்தன, தொகைகள் அந்தந்த இடத்திலேயே நின்றன. 140 பெண்களின் சேமிப்பு ஆள் மாறி உட்கார்ந்திருந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. பதிப்பு வரலாறு என்று ஒன்று அதில் உண்டு. அன்று மதியம் இருந்த நிலையை அங்கே தேடி எடுத்து மீட்டோம். நோட்டில் இப்படி ஒரு தவறு நடந்திருந்தால் வாரக்கணக்கில் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டியிருந்திருக்கும். அன்றிலிருந்து தொகை இருக்கும் பக்கங்களைப் பூட்டி வைக்கிறோம். திருத்தும் உரிமை இரண்டு பேருக்கு மட்டும். மற்றவர்கள் பார்க்கலாம், கருத்து எழுதலாம்.

வாட்ஸ்அப் இல்லாமல் இந்தக் கரையில் எந்த வேலையும் நடக்காது. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் அக்காமார்கூட குரல் பதிவில் தெளிவாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அதைக் கோப்பு அலமாரியாக நினைத்துவிடக் கூடாது. பில் படங்கள் குழுவிலேயே கிடக்கட்டும் என்று ஒரு வருடம் விட்டோம். தணிக்கை நேரத்தில் தேடினால் பாதி திறக்கவே இல்லை. அந்தந்த நேரம் இறக்கி வைக்காதது எங்கள் தப்பு. இப்போது தினமும் சாயங்காலம் ஒருவர் உட்கார்ந்து, வந்த பில்களை டிரைவ் செயலியிலேயே ஸ்கேன் செய்து, மாதவாரியாகப் போட்டுவிடுகிறார். பத்து நிமிட வேலை.

நாட்காட்டியில் நான் கற்றுக்கொண்டது வேறு. "மாதத்தின் முதல் ஞாயிறு கூட்டம்" என்று கூகுள் காலண்டரில் போட்டு வைத்திருந்தேன். மூன்று மாதம் யாரும் வரவில்லை. பாசிக்குப் போவது கிழமை பார்த்து இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி தண்ணி நன்றாக வத்தும் நாட்களில் மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற பாசிகளை எடுக்கப் போய்விடுவார்கள். அந்த நாட்களில் கூட்டம் வைத்தால் அவர்கள் பிழைப்பைக் கெடுப்பதாகும். இப்போது பஞ்சாங்கம் பார்த்து அமாவாசையையும் பௌர்ணமியையும் முதலில் குறித்துவிட்டு, இடைப்பட்ட நாட்களில்தான் கூட்டம் போடுகிறோம். கருவியில் 'ஒவ்வொரு வாரமும்' என்ற பொத்தான் தயாராக இருக்கிறது என்பதற்காக ஊர் அதற்கு வளையாது.

2020 டிசம்பரில் புரெவி புயல் பாம்பன் பக்கம் நெருங்கி வந்தபோது சேதக் கணக்கு எடுக்கப் போனோம். எந்த வீட்டில் ஓடு போனது, எந்த வல்லம் உடைந்தது, எத்தனை வலை கிழிந்தது என்று கூகுள் ஃபார்ம்ஸில் கேள்விகளைத் தயார் செய்திருந்தோம். கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. ஃபார்ம்ஸுக்கு இணையம் வேண்டும். மழையில் நனைந்த காகிதத்தில் எழுதிக்கொண்டு திரும்பினோம். அதற்குப் பிறகு கணக்கெடுப்புக்கெல்லாம் கோபோதான். கோபோகலெக்ட் செயலி கேள்விகளைத் தமிழிலேயே காட்டும். சிக்னல் இல்லாத கரையில் நிரப்பியதைத் தொலைபேசியிலேயே வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைத்ததும் அனுப்பும். படமும் இடக்குறிப்பும் சேர்த்தே பதியும். ஆரம்பத்தில் படிவம் தயாரிக்கக் கொஞ்சம் தலை சுற்றும். இரண்டு நாள் பொறுமையாக உட்கார்ந்தால் பழகிவிடும். தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இணையவழிக் கூட்டத்துக்கு மீட் போதும். இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம் வரை பேசலாம், ஜூமில் 40 நிமிடம். எங்கள் செயற்குழுவில் ஒருவர் துபாயில் வேலை பார்க்கிறார். இங்கே இரவு எட்டரை என்றால் அங்கே ஏழு. ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவோம்.

இனி, நான் மனம் நொந்து கற்றுக்கொண்ட இரண்டு விஷயங்கள்.

எங்கள் கோப்புகளையெல்லாம் முதலில் உருவாக்கியது ஒரு தங்கச்சி, தன்னுடைய சொந்த மின்னஞ்சலில். நல்ல உழைப்பாளி. கல்யாணமாகி வெளியூர் போனார், பழைய சிம் நின்றுபோனது. நுழைய முயன்றால் ஓடிபி அந்த எண்ணுக்குப் போகிறது. மூன்று வருடக் கணக்குக்கும் உரிமையாளர் அந்த ஒரே மின்னஞ்சல். எங்களுக்குத் திருத்தும் உரிமை இருந்ததால் எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொண்டோம். ஆனால் பதிப்பு வரலாறு நகலோடு வராது. இரண்டு வருடம் பயன்படுத்தாமல் கிடக்கும் கணக்கை கூகுள் நீக்கிவிடலாம் என்பது 2023 முதல் நடைமுறையில் இருக்கும் விதி. அப்படி நீங்கினால் அசல் கோப்புகளும் போய்விடும். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அமைப்பின் சொத்தை ஒருவர் பெயரில் எழுதி வைத்தது நாங்கள்தான்.

இதற்குப் பிறகுதான் லாப நோக்கற்ற அமைப்புகளுக்கான கூகுள் திட்டத்தில் விண்ணப்பித்தோம். பதிவுச் சான்று கேட்பார்கள், சொந்த டொமைன் (அமைப்பின் பெயரில் இணைய முகவரி) வேண்டும். டொமைனுக்கு வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் அளவில் ஆகிறது. அதில் கிடைக்கும் ஷேர்டு டிரைவில் போடும் கோப்பு அமைப்புக்கே சொந்தம், யார் வந்தாலும் போனாலும் நிற்கும். சாதாரணக் கணக்கில் மின்னஞ்சல், டிரைவ், படங்கள் எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான். அந்த நெருக்கடியும் தீர்ந்தது. பதிவு செய்த அமைப்பாக இருந்தால் முதல் நாளே இதற்கு விண்ணப்பியுங்கள். பதிவு இல்லாதவர்கள் அமைப்பின் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்து, மீட்பு எண்ணாகப் பொறுப்பாளர் ஒருவருடைய எண்ணைக் கொடுத்து, பொறுப்பு மாறும்போதெல்லாம் அதையும் மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது விஷயம் சொல்லவே வருத்தமாக இருக்கிறது. நிவாரணப் பட்டியல் ஒன்றை, 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்ற நிலையில் விட்டு, வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டோம். அதில் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் முழுசாக இருந்தன. இரண்டு நாள் கழித்து ஒரு அக்கா வந்து, "எம் பேங்க் நம்பரு வேற ஊருக்காரங்க போனுல எப்படி தங்கச்சி போச்சு?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்களை நம்பித்தானே அந்த எண்களைக் கொடுத்தார்கள். அன்றே இணைப்பை மூடினோம், எல்லாக் குழுக்களிலும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். இப்போது ஆதாரில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் வைக்கிறோம். வங்கி விவரம் தனிக் கோப்பில், இரண்டு பேர் பார்வையில் மட்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-ல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் நாங்கள் இதைச் செய்திருக்க வேண்டும்.

நன்கொடைக் கணக்குக்கும் ஷீட்ஸ் நன்றாக உதவுகிறது. 80ஜி (நன்கொடை தருபவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் பதிவு) உள்ளவர்கள், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று காட்டும் 10பிடி படிவத்தை வருடா வருடம் மே 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். பான் எண், தொகை, பணம் வந்த வழி எல்லாவற்றையும் அன்றன்றைக்கே ஏற்றி வைத்தால் மே மாதம் அலைய வேண்டியதில்லை.

யாருக்கு என்ன வேலை என்று காட்டும் வேலைப் பலகைக் கருவிகள் இரண்டை முயன்று பார்த்தோம். ஒன்பது பேருக்கு அது அதிகம். சுவரில் ஒட்டிய தாளே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும், ஊரில் ஆட்கள் இருப்பார்கள். அந்த நாட்களில் சேமிப்புப் பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்சடித்து எடுத்துப்போகிறோம். குழுவில் ஒருவர் வாசிக்க, அவரவர் தங்கள் தொகையைச் சொல்லிச் சரிபார்ப்பார்கள். போன வருடம் ஒரு அக்கா தாளை வாங்கி, விரலை வரிக்கு வரி நகர்த்தித் தன் பெயரைத் தானே கண்டுபிடித்தார். தொகையில் இருநூறு ரூபாய் குறைந்திருந்தது. அவர் சொன்னதுதான் சரி. அங்கேயே தொலைபேசியில் ஷீட்டைத் திறந்து, அவர் பார்க்கத் திருத்தினோம்.