வலிமருந்தால் சுருங்கிய சிறுகுடல்: பலூனா, அறுவையா?

டைக்ளோஃபினாக், நாப்ராக்சென் போன்ற வலிமருந்துகளை நெடுநாள் விழுங்குவோரின் சிறுகுடலில் மெல்லிய சவ்வு வளையங்கள் உருவாகி, குடலின் உள்வழியைச் சுருக்கலாம். பெரும்பாலும் ஒன்றல்ல, பல. தடிமன் 2–4 மி.மீ. தான், சி.டி. ஸ்கேனில் எளிதில் நழுவிவிடும். விழுங்கும் மாத்திரை வடிவக் கேமரா (கேப்சூல் கேமரா) காட்டிக்கொடுக்கும். ஆனால் அங்கேயே சிக்கவும் கூடும். அதனால் வழி போதுமா என்று பார்க்க, முதலில் கரையும் சோதனை கேப்சூல். மருந்தை நிறுத்தாவிட்டால் எந்தச் சிகிச்சைக்குப் பிறகும் வளையம் திரும்பக்கூடும்.

பலூன் விரிப்பு: என்டோஸ்கோப் (கேமரா பொருத்திய குழாய்) வழியே பலூனை விட்டு, ஊதி, வளையத்தை விரிப்பது. அந்தக் குழாய் எட்டும் இடத்தில் சில வளையங்கள் மட்டும் என்றால் இதுவே முதல் தேர்வு. கிரோன் நோயா (குடலைச் சுருக்கும் இன்னொரு நாள்பட்ட அழற்சி நோய்) என்று பார்க்கத் திசுவும் எடுக்கலாம். ஆழமான புண் இருந்தால் குடல் கிழியும் அபாயம் கூடும்.

அறுவை: விலகாத அடைப்பு, துளை, நெருக்கமாகப் பல வளையங்கள் என்றால் இதுதான். தொல்லை என்னவென்றால், வெளியிலிருந்து குடல் சாதாரணமாகவே தெரியும். கைக்கும் பல வேளை தட்டுப்படாது. அறுவையின்போதே உள்ளே ஸ்கோப் விட்டுத் தேடாவிட்டால் சில வளையங்கள் தப்பி, அடைப்பு நீடிக்கலாம்.