சாமுராய் தெரு பார்க்க எந்த ஊர்? ககுனொதாதே, கனசாவா, சிரான்

ஜப்பானில் பழைய சாமுராய் குடியிருப்புகள் இன்றும் நிற்கிற ஊர்கள் நிறைய. முதல் பயணத்தில் பெரும்பாலோருக்கு ஒன்றைப் பார்க்கத்தான் நேரம் கிடைக்கும். அடிக்கடி பரிந்துரைக்கப்படுபவை மூன்று: வடக்கே அகிதா மாகாணத்தின் ககுனொதாதே, நடுவே கனசாவாவின் நாகமாச்சி, தெற்கே ககோஷிமாவின் சிரான். மூன்றிலும் மிஞ்சியிருப்பது ஒன்றல்ல. முதல் ஊரில் வீடு, இரண்டாவதில் மதில், மூன்றாவதில் தோட்டம். இதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம் இருக்காது.

சாமுராய் எப்படி வாழ்ந்தான் என்று பார்க்க விரும்புகிறவர்கள் ககுனொதாதேவுக்குத்தான் போகவேண்டும். 1620-இல் திட்டமிட்டுக் கட்டிய ஊர். வடக்கே சாமுராய்கள், தெற்கே வணிகர்கள். தீ பரவாமலிருக்க நடுவில் ஒரு வெற்றிடம். அந்த அமைப்பு இன்றும் அப்படியே தெரிகிறது. அகலமான தெரு, இருபுறமும் கறுப்பு மர வேலி, வேலிக்கு மேல் கவிந்து நிற்கும் பெரிய மரங்கள். உள்ளே நுழைந்து பார்க்கக்கூடிய வீடுகள் பல உண்டு. அவற்றில் இஷிகுரோ வீட்டைத் தவறவிடாதீர்கள். இந்த ஊரை ஆண்ட சதாகே குடும்பக் கிளையின் நிதிப் பொறுப்பைக் கவனித்த வீடு அது. வழித்தோன்றல்கள் இன்றும் ஒரு பகுதியில் குடியிருக்கிறார்கள். அறைகளுக்கு நடுவே மேலே பதித்த மரப்பலகையில் ஆமை உருவம் குடைந்திருக்கிறது. விளக்கு வைத்தால் அதன் நிழல் சுவரில் விழும். நீண்ட பனிக்கால இரவுகளில் அந்த வீட்டார் எதை ரசித்தார்கள் என்பதை அந்த ஒரு பலகை சொல்லிவிடுகிறது.

அப்புறம் அவோயாகி வீடு. அது பெரிய வளாகம், கிட்டத்தட்ட ஒரு அருங்காட்சியகம். அங்கே ஓதானோ நாவோதாகே பற்றிய பகுதியைப் பாருங்கள். இந்த ஊர் சாமுராய் அவர். டச்சு நூலைத் தழுவி 1774-இல் ஜப்பானிய மொழியில் வெளிவந்த உடற்கூறு நூலுக்குப் படம் வரைந்தவர். வாளோடு மட்டும் சாமுராயை நினைத்துப் பழகிய நமக்கு, எலும்பையும் தசையையும் தூரிகையால் பதிவு செய்த இந்த மனிதர் முக்கியமானவர்.

ககுனொதாதேவுக்குக் கூட்டம் வருவது ஏப்ரல் கடைசியில், தொங்கும் செர்ரி பூக்கும்போது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நாட்களில் வீட்டுக்குள் நிதானமாக நிற்க முடியாது. இலையுதிர்காலத்தில் போனால் மேப்பிள் சிவப்பும் கிடைக்கும், வீடும் கிடைக்கும். தோக்கியோவிலிருந்து கோமாச்சி ஷின்கான்சென் (அதிவேக ரயில்) சுமார் மூன்று மணி நேரத்தில் கொண்டுவந்துவிடும். நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.

கனசாவா வசதியான ஊர். 2015-இல் ஷின்கான்சென் வந்த பிறகு தோக்கியோவிலிருந்து இரண்டரை மணி நேரம்தான். கென்ரோக்குஎன் தோட்டம், கோட்டை, சந்தை எல்லாம் பக்கத்திலேயே இருப்பதால் நாகமாச்சிக்கு அரை நாள் ஒதுக்கினால் போதும். களிமண் மதில்கள், ஓரமாக ஓடும் வாய்க்கால், வளைந்து திரும்பும் சந்துகள். பனி ஈரம் ஏறி மண் வெடிக்காமலிருக்கக் குளிர்காலத்தில் மதில்களுக்கு வைக்கோல் பாய் கட்டுகிறார்கள். அதைப் பார்க்கவே டிசம்பருக்குப் பிறகு போகலாம். ஆனால் மதிலுக்குப் பின்னால் இருப்பவை பெரும்பாலும் பிற்கால வீடுகள். புகழ்பெற்ற நோமுரா வீட்டிலும் தோட்டம் அருமை. கட்டடமோ பின்னாளில் வேறிடத்துச் செல்வந்த வணிகரின் வீட்டிலிருந்து கொண்டுவந்து சேர்த்தது. எனக்கு அங்கே பிடித்தது பலர் எட்டிக்கூடப் பார்க்காமல் கடந்துபோகும் அஷிகாரு காட்சியகம். அடிமட்டக் காலாட்படை வீரர்களின் இரண்டு சிறு வீடுகள், நுழைவுக் கட்டணம் இல்லை. கனசாவாவை ஆண்ட, பத்து லட்சம் கோக்கு அரிசி வருமானம் கொண்ட மாயேதா குடும்பத்தின் ஆட்சியில் கடைநிலைச் சிப்பாய்க்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்பது அங்கே நேரில் தெரியும். ஒரு கோக்கு என்பது ஒருவர் ஓராண்டுக்கு உண்ணும் அரிசி.

சிரான் முற்றிலும் வேறு. சத்சுமாவின் (இன்றைய ககோஷிமாப் பகுதியின்) ஷிமாசு ஆட்சியாளர்கள் தங்கள் சாமுராய்களை ஒரே கோட்டை நகரில் குவிக்காமல் நூற்றுக்கும் மேற்பட்ட குடியிருப்புகளாகத் தங்கள் ஆட்சிப்பகுதியெங்கும் பரப்பினார்கள். சிரான் அவற்றில் ஒன்று. கல் மதில், அதன்மேல் சீராக வெட்டிய உயிர்வேலி. உள்ளே ஏழு தோட்டங்கள் ஒரே சீட்டில். ஆறு மணலும் கல்லும் கொண்டவை, மோரி வீட்டுத் தோட்டத்தில் மட்டும் குளம். உயிர்வேலியை மலை வடிவில் வெட்டி, தொலைவிலுள்ள ஹஹாகதாகே மலையோடு சேர்ந்து தெரியும்படி செய்திருக்கிறார்கள். வீடுகளில் மக்கள் குடியிருப்பதால் பெரும்பாலும் தோட்டத்தோடு திரும்ப வேண்டியதுதான்.

சரி, ஒன்றே ஒன்று என்றால்? ககுனொதாதே. தோக்கியோவுக்கும் கியோத்தோவுக்கும் நடுவில் ஒரு நாள் மட்டும் மிஞ்சினால் கனசாவா. தெற்குத் தீவான கியூஷுவைச் சுற்றுகிறவர்கள் சிரானைச் சேர்த்துக்கொள்ளலாம். ககோஷிமா சூவோ நிலையத்திலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பேருந்து அடிக்கடி கிடையாது, அதனால் திரும்பும் நேரத்தை ஏறும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.