கரோல் பாக் தேர்தல் நடை: தாராளமாகப் போகலாம்

ஞாயிறு காலை டெல்லி கரோல் பாக்கில் தமிழிலேயே கூட்டிப்போகும் இந்த 2 மணி நேர நடைக்குக் கொடுத்த பணம் வீண் போகவில்லை. 2008 தொகுதி மறுசீரமைப்பில் மறைந்துபோன கரோல் பாக் மக்களவைத் தொகுதியின் கதையைத் தெருத்தெருவாக நிறுத்தி, நிதானமாகச் சொல்கிறார் வழிகாட்டி. 1996, 1998 இரண்டிலும் ஜெயித்த காங்கிரசின் மீரா குமாரை 1999-இல் பாஜகவின் அனிதா ஆர்யா தோற்கடித்தார், 2004-இல் கிருஷ்ணா தீரத் அதைக் காங்கிரசுக்கு மீட்டார், ஆக ஒரு தனித்தொகுதியில் அடுத்தடுத்து 4 தேர்தலிலும் பெண்களே வென்றிருக்கிறார்கள் என்பது இத்தனை வருடம் இங்கே குடியிருந்தும் எனக்கு உறைக்கவே இல்லை. 1977-இல் காங்கிரசை வீழ்த்திய ஜனதா கட்சி அலையை மட்டும் இரண்டே வரியில் முடித்துவிட்டார், அது பெரிய குறை. அப்புறம், தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள்.